டேமேஜ் கூட்டலா, கூல்டவுன் குறைப்பா?

கோவை, திருப்பூர் ஆன்லைன் கேம் கில்டுகளில் (சேர்ந்து ஆடுகிற குழுக்களில்) பேட்ச், அதாவது கேமை மாற்றும் அப்டேட், வந்தாலே இந்த வழக்குதானுங்க. 1000 டேமேஜ் (எதிரிக்கு விழும் அடியின் அளவு) தரும் ஸ்கில்லை (தாக்கும் திறனை) 1100 ஆக்கினால், கவசம் சதவீதக் கணக்கில் கழிக்கும் கேமில் அந்த ஸ்கில் எப்போதும் 10% கூடுதலாக அடிக்கும். அவ்வளவுதான்.

கூல்டவுனை, அதாவது ஒரு முறை அடித்த ஸ்கில் மறுபடி தயாராகும் நேரத்தை, 10 நொடியிலிருந்து 9 ஆக்கினால் கணக்கே வேறு. சண்டை தொடங்கியதுமே அழுத்துகிறவர் 60 நொடியில் 6 முறைக்குப் பதில் 7 முறை அடிப்பார். ஏறக்குறைய 17% லாபம். பாஸ் (பெரிய எதிரி) 44 நொடியில் விழுந்தால் இரண்டிலும் 5 முறைதான், லாபமே இல்லை. 9 நொடியில் தயாரானதை ஒரு நொடி தாமதித்து அழுத்தினால் பழைய 10 தான். ஸ்கில் அடிக்கச் செலவாகும் மானாவும் சீக்கிரம் தீரும். பிங் (நெட் தாமதம்) ஏறி இறங்கும் லைனில் ஆடுகிறவங்களுக்கு டேமேஜ் கூட்டலே மேலுங்க.