வெடித்த கைக்குப் பட்டா, கோதுமையா?

தை மாதம் நுவரெலியாப் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களில் அம்மாவின் விரல்களும் வெடித்துவிடும். கொழுந்து கிள்ளுகிற ஆள்காட்டி விரலின் ஓரத்தில், தேயிலைக் கறை ஏறிக் கறுத்த கோடாக அந்த வெடிப்பு தெரியும். ரொட்டிக்கு மா பிசையும்போது உப்புத் தண்ணீர் பட்டு எரிகிறது என்பார். அதற்காகத்தான் புரதம் சேர்த்த கைக் கிறீம்களைத் தேடினேன். கடைசியில் கொலாஜன், கோதுமை, பட்டு என மூன்று ட்யூப்கள் வீட்டுக்கு வந்தன.

மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான். நீளமான புரதத்தை அமிலத்தாலோ நொதியத்தாலோ சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்க்கிறார்கள். அது தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

கொலாஜனை ஒரு ட்யூபோடு நிறுத்திவிட்டேன், அதனால் அதிகம் பேச மாட்டேன். மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தோலுக்குள் நுழைவதே கடினம். முழுக் கொலாஜனோ சுமார் 3 இலட்சம் டால்டன். உடைத்தாலும் பெரும்பாலும் மேலேதான் நிற்கும். மாட்டுத் தோலில் எடுத்ததா, மீனில் எடுத்ததா என்பதும் ட்யூபில் இல்லை. எங்கள் வீட்டில் அது பெரிய கேள்வி.

கோதுமைதான் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. தடவியதும் கை மிருதுவாவதில் அதுவே ஒரு படி மேல். ஆனால் ஜப்பானில் நடந்ததைப் படித்த பிறகு அதை ஒதுக்கிவிட்டேன். அங்கே கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்றைத் தினமும் பாவித்தவர்களில் 2000 பேருக்கு மேல் ஒவ்வாமை வந்தது. தோல் வழியாகப் பழகிய உடம்பு, பிறகு கோதுமை சாப்பிட்டாலே எதிர்க்க ஆரம்பித்தது. சிலருக்கு உயிராபத்தான நிலை. 2011இல் சவர்க்காரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதிலிருந்த புரதத் துண்டுகள் பெரியவை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் சராசரி 3500 டால்டன் என்று உச்ச வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் இருந்தால் பயமில்லை, சரி. நான் புரட்டிப் பார்த்த ட்யூப் எதிலும் அந்த அளவு போடவில்லையே!

தினமும் மா பிசைகிற கைதானே என்று அம்மா கேட்டார். மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் தண்ணீரில் கரையாது, பிசைந்ததும் கழுவிவிடுகிறோம். உடைத்த புரதம் கரையும், கிறீமோடு இரவு முழுக்க வெடிப்புக்குள் இருக்கும். காலையும் இரவும் கோதுமை ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிற லயத்துக் குடும்பத்துக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தால் என்ன சாப்பிடுவது? கோதுமை ஒவ்வாமை இல்லாமல், கையும் நன்றாக இருப்பவர்கள் கோதுமைக் கிறீமைப் பாவிக்கலாம். வெடித்த கைக்கு வேண்டாம்.

ஆகவே பட்டு. ட்யூபில் 'ஹைட்ரொலைஸ்ட் சில்க்', அதாவது உடைத்த பட்டு, என்று எழுதியிருக்கும். அதுவும் புரதம்தான், ஒவ்வாமை வரவே வராது என்று சொல்ல மாட்டேன். முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்தோம். புழுவைக் கொன்று எடுப்பதால் சைவக்காரர் சிலர் விரும்பமாட்டார்கள்.

பட்டு மட்டும் போதவும் இல்லை. வரண்ட காற்றில் அந்தப் படலமும் காய்ந்துவிடுகிறது. இரவில் கையைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே கிறீமைத் தடவி, அதன்மேல் பெற்றோலியம் ஜெலி பூசிவிடுகிறேன். மூன்றாம் வாரத்தில் விரலோரம் மூடிவிட்டது, கறைக் கோடு மட்டும் இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் இதே கிறீம் பிசுபிசுக்குமா என்பதை வைகாசியில்தான் பார்க்க வேண்டும்.