பதிலுக்குக் காத்திருந்த 40 நிமிடங்கள்: செயற்கைக்கோள் செய்திக் கருவியுடன் நான்கு ஆண்டுகள்

அடுத்த குளிர்காலத்தில் மத்திய ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தைக் கடக்கத் திட்டமிட்டிருக்கும் மெல்பர்ன் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "கைப்பேசியிலேயே செயற்கைக்கோள் வசதி வந்துவிட்டதே, நீங்கள் இன்னும் அந்தக் கருவிக்கு மாதச் சந்தா கட்டுகிறீர்களா?" என்று கேட்டார். கட்டுகிறேன் என்று சொல்லும்போதே எனக்குள் பழைய கோபம் ஒன்று எழுந்ததை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கைப்பேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும், உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவியை 2021இல் வாங்கினேன். ஃபோர்வீல் டிரைவ் வண்டியோடு ஊர் எல்லை தாண்டும் பலரிடமும் இப்போது இருப்பதால் அதன் அடிப்படை அம்சங்களை விவரிக்கத் தேவையில்லை. இது இரிடியம் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகிறது. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றிவரும் 66 செயற்கைக்கோள்கள் என்பதால், பூமியின் எந்த மூலையிலும் ஏதேனும் ஒன்று தலைக்கு மேல் வந்துகொண்டேயிருக்கும். நான்கு ஆண்டுகளில் நான் அனுப்பிய செய்தி ஒன்றுகூடப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. புழுதியும் வெயிலும் வண்டியைப் பிரித்துப் போடும் வரிவரியான பாதைகளும் அதை எதுவும் செய்யவில்லை. அனுப்புவதைப் பொறுத்தவரை அதன் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது.

என் குறை முழுவதும் பதில் பெறுவதில்தான் இருக்கிறது.

2024 ஜூலையில், டல்ஹௌசி வெந்நீர் ஊற்றிலிருந்து கிளம்பி, ஃப்ரெஞ்ச் லைன் வழியாகக் கிழக்கே பேர்ட்ஸ்வில் நோக்கி இரண்டு வண்டிகளில் போய்க்கொண்டிருந்தோம். 1960களில் எண்ணெய் தேடிய பிரெஞ்சு நிறுவனம் ஒன்று வெட்டிய தடம் அது; ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளைக் கொண்ட பாலைவனத்தைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. பப்பல் கார்னருக்குச் சற்று முன்பாக, மாலை நான்கு மணி அளவில், பின்னால் வந்த வண்டியை ஓட்டிய என் மைத்துனருக்கு இடுப்பின் ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கியவர் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மணலில் புரண்டார். சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று தோன்றினாலும், குடல்வால் அழற்சியாகவோ வேறெதுவாகவோ இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது. மீட்பு உதவியை அழைக்கும் எஸ்ஓஎஸ் பொத்தானின் மூடியை நான் கருவியில் திறந்தபோது, அந்த நிலையிலும் அவர், "மச்சான், அதை அழுத்திராதீங்க, முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். விமானமோ ஹெலிகாப்டரோ கிளம்ப வேண்டிய நிலையா, ஒரு மருத்துவரின் வார்த்தை போதுமான நிலையா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அடிலெய்டில் இருந்த என் மனைவிக்கு அறிகுறிகளை எழுதி, ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற பறக்கும் மருத்துவர் சேவையை அழைத்துப் பேசச் சொல்லி அனுப்பினேன். சில நிமிடங்களில் "அனுப்பப்பட்டது" என்ற குறி வந்தது. அதன் பிறகு எதுவுமே வரவில்லை. மனைவி அதைப் படித்தாளா, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாளா, மருத்துவர் என்ன சொன்னார் என்று எதையும் அறிய வழியில்லாமல், வலியில் துடிக்கும் மனிதரின் அருகில் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு 40 நிமிடங்கள் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி செய்தியைப் பெற்ற உடனேயே அழைத்திருக்கிறாள். மருத்துவர் கேட்ட கேள்விகளைப் பத்தே நிமிடங்களில் எனக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறாள். காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி உண்டா, சிறுநீர் போகிறதா என்ற அந்தக் கேள்விகள் மீதி அரை மணி நேரமும் என் கருவியை எட்டாமலே காத்திருந்தன. மின்கலத்தைச் சேமிப்பதற்காக வழித்தடப் பதிவை நான் அணைத்து வைத்திருந்தேன். அது இயங்கும்போது கருவி குறிப்பிட்ட இடைவெளியில் செயற்கைக்கோளைத் தொடர்புகொண்டு, காத்திருக்கும் செய்திகளையும் அப்போதே பெற்றுக்கொள்ளும். அணைத்துவிட்டால் நாமாகச் சோதிக்க வேண்டும், அல்லது செயற்கைக்கோள் தரும் அறிவிப்பைக் கருவி தவறாமல் கேட்க வேண்டும். வண்டியின் உலோகக் கூரைக்குக் கீழே, முன்கண்ணாடியின் ஓரத்தில் கிடந்த கருவிக்கு அது கேட்கவில்லை. இத்தனையையும் ஊர் திரும்பிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். உயிர் காக்கும் சாதனம் என்று சொல்லி விற்கும் ஒரு பொருளில் இந்த ஒரு விஷயம் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். சந்தாத் திட்டங்களைப் பற்றிய விளக்கம்தான் பதிலாக வந்தது. என் கோபம் இன்னும் தணியாததற்கு அதுவே காரணம்.

இந்தப் பாலைவனங்களில் அவசரத் தொடர்பு என்பதே பதிலுக்காக உருவானது. பறக்கும் மருத்துவர் சேவை 1928இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் தொடங்கியபோது விமானமும் மருத்துவரும் தயாராக இருந்தார்கள்; தொலைதூரப் பண்ணையில் இருப்பவர் மருத்துவரிடம் பேசுவதற்குத்தான் வழி இல்லை. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் தரும் வானொலிக் கருவியை உருவாக்கி, 1929இல் அது பண்ணைகளுக்குப் போன பிறகே அந்தச் சேவை முழுமை பெற்றது. மருத்துவர் கேட்கவும் நோயாளியின் வீட்டார் சொல்லவும் முடிந்தது. அந்த மரபில் வந்த, நெடுந்தூரம் பேச உதவும் எச்எஃப் வானொலியைப் பழைய பயணிகள் சிலர் இன்றும் வண்டியில் வைத்திருப்பதன் அருமை எனக்கு அந்த மாலையில்தான் புரிந்தது.

அன்று எங்களுக்கு முதலில் கிடைத்த மனிதக் குரல் வந்தது வண்டியில் பொருத்தியிருந்த சாதாரண யூஎச்எஃப் ரேடியோவிலிருந்து. 477 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 வாட் திறனோடு இயங்கும், சந்தாவே இல்லாத ரேடியோ அது. சிம்சனில் எல்லோரும் 10ஆம் சேனலில் இருப்பார்கள். மேட்டின் மறுபக்கம் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது என்பதால், உயரமான கம்பத்தில் கொடி கட்டுவதோடு தாம் இருக்கும் இடத்தையும் போகும் திசையையும் அவ்வப்போது அறிவித்துக்கொண்டே போவார்கள். யூஎச்எஃப் அலை நேர்கோட்டில் செல்வது என்பதால் மேடுகளுக்கு இடையிலான பள்ளத்தில் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. ஆகவே என் வண்டியை மட்டும் அடுத்த மேட்டின் உச்சிக்கு ஏற்றி நிறுத்தி, உதவி தேவை என்று மூன்று முறை அழைத்தேன். மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்த நான்கு வண்டிக் குழு ஒன்று உடனே பதில் சொன்னது. அவர்களில் ஒரு பெண்மணி செவிலியர். "எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாகத் தண்ணீர் எப்போது குடித்தார்?" என்று அவர் ரேடியோவில் கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மனைவி வழியாக மருத்துவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்து, தம்மிடமிருந்த வலிமாத்திரையைக் கொடுத்து, இரவு முழுவதும் எங்களோடு அங்கேயே முகாமிட்டார்கள். அதிகாலையில் வலி அடங்கியது. மறுநாள் பேர்ட்ஸ்வில் சேர்ந்து பரிசோதித்தபோது கல் என்பது உறுதியானது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆப்பிள் கைப்பேசிகளின் அவசரச் செயற்கைக்கோள் வசதி 2023 மே மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. 2025 ஜூனில் ஆஸ்திரேலியத் தொலைபேசி நிறுவனமான டெல்ஸ்ட்ரா, சாதாரணக் குறுஞ்செய்தியையே செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் சேவையைத் தொடங்கியது. இரண்டுமே நல்லவை, இருப்பதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது. ஆனால் முப்பூச்சியம் (000) என்ற ஆஸ்திரேலிய அவசர எண்ணுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது என்பதை நினைவில் வையுங்கள். தவிரவும், வழிகாட்டி வரைபடத்துக்கும் புகைப்படத்துக்கும் நாள் முழுக்கப் பயன்பட்டு, வெயிலில் சூடேறி, மாலைக்குள் மின்னிருப்பு கரைந்துவிடும் ஒரு பொருளை மட்டும் நம்பி அந்த மேடுகளுக்குள் குடும்பத்தோடு போவதை என்னால் ஏற்க முடியாது.

பிஎல்பி எனப்படும் தனிநபர் அபாய அறிவிப்புக் கருவி இல்லாமல் போகவே கூடாது. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய ஒரு காசும் கிடையாது, சந்தாவும் இல்லை. 406 மெகாஹெர்ட்ஸில் அது எழுப்பும் அழைப்பு கான்பராவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். ஜிபிஎஸ் உள்ள கருவியானால் நாம் இருக்கும் இடத்தைச் சுமார் 120 மீட்டருக்குள் காட்டிவிடும். அதை வண்டியில் வைக்காமல் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ உடலோடு இருப்பதுதான் மிஞ்சும். என்ன ஆபத்து என்று அதனால் சொல்ல முடியாது, மறுமுனையில் இருப்பவரோடு பேசவும் முடியாது. உயிருக்கு ஆபத்து என்பதில் ஐயமே இல்லாத நேரத்துக்கு மட்டும் உரியது அது.

இவற்றையெல்லாம் வைத்து என் தீர்ப்பைக் கேட்டால், இந்தச் செய்திக் கருவியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். நான்கு ஆண்டுகள் ஒருமுறைகூட அனுப்பத் தவறாத கருவியைப் பற்றி இப்படிச் சொல்வது நியாயம்தானா என்று எனக்கே உறுத்துகிறது. அன்று மருத்துவரின் சொல் எங்களுக்கு வந்து சேர்ந்ததும் அதன் வழியாகத்தான். இருந்தாலும், மணலில் கிடந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த 40 நிமிடங்களை என்னால் கணக்கிலிருந்து கழிக்க முடியவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு செயற்கைக்கோள் தொலைபேசியை இரண்டு வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தால் மருத்துவரிடம் நேரடியாகப் பேசலாம். அதற்கும் முன்பாக, கையில் பிடிக்கும் ரேடியோவோடு நின்றுவிடாமல், வண்டியிலேயே பொருத்தும் யூஎச்எஃப் ரேடியோவையும் நல்ல ஆன்டெனாவையும் வாங்குங்கள்.

என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. நண்பர் ஜூலையில் அடிலெய்டு வழியாக வருவதாக இருந்தால் அதையே எடுத்துப் போகலாம். சந்தா செப்டம்பர் வரை கட்டியிருக்கிறேன், அவசரத் தொடர்பில் என் மனைவியின் எண்ணுக்குப் பதிலாக அவருடைய வீட்டு எண்ணை நானே மாற்றித் தருகிறேன். கூரைக்கு வெளியே வானம் பார்க்கும்படி அதைக் கட்டி, வழித்தடப் பதிவைப் பத்து நிமிட இடைவெளியில் வைத்து, பேர்ட்ஸ்வில் போய்ச் சேரும்வரை அணைக்காமல் இருந்தால் போதும்.