லாட் 14, 38,000 வெள்ளி: வீடு கட்ட மனை தேடுகிறவர்கள் பணம் கட்டுமுன் படிக்கவும்

இன்று காலை நில ஆபிசில் வாங்கிய தாள் மேசையில் கிடக்கிறது. மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம், நம் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான், ‘பங்களா லாட்’ என்று முகநூலில் விளம்பரம் பார்த்துவிட்டுப் பணம் கட்டக் கிளம்புகிறவர்கள் ஒரு நாள் பொறுங்கள். மனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் 38,000 வெள்ளி (ரிங்கிட்) போன கதை.

பெயரைப் போடாதே என்று மகள் சொல்லிவிட்டாள். கடைவீட்டு மேல்மாடியில் ஆபிஸ் வைத்துக்கொண்டு, செம்பனை நிலத்தைத் துண்டு போட்டு விற்கிற ஆட்கள். அவ்வளவு போதும்.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். தோட்டம் கைமாறிய பிறகு தாமான் குடியிருப்பில் வாடகை வீடு, அதுவும் மூன்று முறை மாறியாயிற்று. 55 வயதில் இபிஎஃப் சேமநிதிப் பணம் வந்தபோது எனக்கும் வீட்டுக்காரருக்கும் இருந்த ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, யாரும் காலி பண்ணச் சொல்லாத வீடு.

அந்த ஆபிசிலிருந்து வந்தவன் தமிழ்ப் பையன். என்னை ‘அக்கா’ என்றான், வீட்டுக்காரரை ‘அண்ணே’. பசியாறக் கூட்டிப் போய் அவனே காசு கொடுத்தான். அவன் தாத்தாவும் ரப்பர் பால் மரம் வெட்டியவராம். “அந்தக் காலத்துல தோட்டத்தத் துண்டு துண்டா வித்தாங்கள்ல அக்கா, அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன், தோட்டத்த நாமளே வாங்குறதுக்கு 1960-ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரு. நம்ம பெரியவங்க மாசம் பத்துப் பத்து வெள்ளியா கட்டி நிலத்துக்குப் பங்கு வாங்குனாங்க. இப்ப நாம சொந்த மண்ணுல நிக்க வேணாமா?” என்றான். என் அப்பா அப்படிக் கட்டியவர். அந்தப் பங்குச் சீட்டு இன்றும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும் அது தெரிந்துவிட்டது.

அப்புறம் நிலத்துக்குப் போனோம். மூன்று ஏக்கர், இருபது லாட், ஒவ்வொன்றும் 6,000 சதுர அடி, விலை 85,000 வெள்ளி. சிவப்புக் கயிறு கட்டி, முளைக்குச்சி அடித்து, எண் எழுதி வைத்திருந்தான். காம்பஸை உள்ளங்கையில் வைத்து ஈசானிய மூலையைக் காட்டினான். பிறகு காடியிலிருந்து சங்குல் மண்வெட்டி எடுத்து வந்து ஒரு முழத்துக்குக் குழி வெட்டினான். வெட்டிய மண்ணை அதே குழியில் திரும்பத் தள்ளினான். குழி நிரம்பி மேலே ஒரு கூடை மண் மிஞ்சியது. “பாத்தீங்களா அக்கா, மண் மிஞ்சுது. யோகமான மனை.” மனையடி சாஸ்திரத்தில் அப்படி ஒரு சோதனை உண்டு, என் பாட்டியும் சொல்லியிருக்கிறாள். அந்தச் செம்மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அங்கேதான் 38,000 வெள்ளியும் போனது.

எந்த மண்ணை வெட்டினாலும் உதிர்ந்து, பொங்கி, முதலில் அதிகமாகத்தான் தெரியும். காலால் மிதித்து இறுக்கிப் பார்த்திருக்க வேண்டும். அதைவிட, அது அந்த இடத்து மண்ணே இல்லை. லோரியில் கொண்டுவந்து கொட்டிய மண்.

முன்பணம் 3,000. இரண்டு வாரம் கழித்து 35,000. லோயர் வேண்டுமா என்று கேட்டதற்கு, “நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு அக்கா, அந்தக் காசுக்கு ஒரு அறை கூடக் கட்டலாம்” என்றான். முதலில் கூட்டுக் கிராண்டில், அதாவது கூட்டு நிலப் பட்டாவில், பெயர் ஏறும், இரண்டு வருடத்தில் தனிக் கிராண்டு என்றான். கொடுத்தது ஒரு ரசீது, ஒரு கலர் பிளான், ஒரு காலண்டர்.

நவம்பர் மழையில் சும்மா பார்க்கப் போனோம். லாட் 14-இல் கணுக்கால் வரை தண்ணீர். அவன் வெட்டிய குழி ஒரு சாண் உள்ளே இறங்கியிருந்தது. ஓரத்தில் மண் கரைந்து அடியில் வழவழவென்று சாம்பல் நிறச் சேறு. சுற்றிலும் கோரை முளைத்திருந்தது. பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு மலாய் மாக்சிக் பாட்டி, இது பழைய ஈயச் சுரங்க லம்பத்துக் குட்டையைத் தூர்த்த இடம் என்று சாதாரணமாகச் சொன்னார். இந்த ஊர்ப் பக்கம் லம்பக் குட்டைகள் எத்தனை கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அங்கேதான் மீன் பிடித்தோம்.

போன் போட்டேன். “அக்கா, சபார், பொறுங்க, கிளார்க் லீவு.” அடுத்த வாரம், “பைல் மேல போயிருக்கு.” அதற்கடுத்த வாரம் அவன் அம்மாவுக்கு ஆபரேஷன். நான் விபூதி மடித்து அனுப்பி வைத்தேன், முட்டாள்! பிறகு வாட்ஸ்அப்பில் புளூ டிக் மட்டும் விழுந்தது. பிறகு அதுவும் இல்லை. மாடி ஏறிப் போனால் ஆபிஸில் ஒரு பெண், “மேனேஜர்கிட்டதான் பேசணும்” என்றாள். மேனேஜர் எங்கே? “வெளியூர்.” போன மாதம் படி ஏறினேன், ஷட்டர் இறக்கியிருந்தது, வாடகைக்கு என்று போர்டு.

இன்று மகள் லீவு போட்டு என்னை நில ஆபிசுக்கு அழைத்துப் போனாள். ‘சாரியான் ரஸ்மி’, அதாவது நிலப் பதிவேட்டில் தேடித் தருகிற தாள், எடுத்தோம். நிலத்தின் வகை இன்னும் ‘பெர்தானியான்’, விவசாயம். மாற்றியாகிவிட்டது என்றுதான் அந்தப் பையன் சொல்லியிருந்தான். சொந்தக்காரர் பெயர் நான் கேள்விப்படாத பெயர். எங்கள் பெயர் எங்கும் இல்லை. நிலம் பேங்கில் அடகில் இருக்கிறது. கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். 1965 தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் குறைவாகப் பிரிக்க முடியாது. அது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மூன்று ஏக்கரை மூன்றாகப் பிரிக்கலாம். இருபது பங்களா லாட் வேண்டுமென்றால் முதலில் மாநில அரசிடம் மனுப் போட்டு வகையை மாற்ற வேண்டும், அதற்கான பிரீமியம் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அந்தக் கலர் பிளானில் இருந்த இருபது கட்டமும் வெறும் பென்சில் கோடு. 38,000 வெள்ளிக்கு நான் வாங்கியது அதில் ஒரு கட்டம்.

வெளியே வந்து மகள் காடி எடுக்கப் போனபோது வீட்டுக்காரர் போன் செய்தார், என்ன சொன்னார்கள் என்று. வெயிலாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாக: காசு கொடுக்குமுன் கிராண்டு நம்பரைக் கேளுங்கள், நீங்களே போய் சாரியான் எடுங்கள், அவன் காட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள். மழை விட்ட மறுநாள் நிலத்தைப் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அங்கே இருக்கும் கிழவிகளிடம் கேளுங்கள். லோயர் வேண்டாம் என்கிறவனிடம் உட்கார்ந்து தேத்தண்ணிகூடக் குடிக்காதீர்கள். ஈசானிய மூலையெல்லாம் அப்புறம்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. ரிப்போர்ட் கொடுக்க நின்றபோது முன்னால் ஒரு தம்பதி, கையில் அதே காலண்டர். அவர்கள் ரசீதிலும் லாட் 14. இதுவரை எங்களோடு ஏழு குடும்பம் சேர்ந்திருக்கிறது. சிவப்புக் கயிறு கட்டிய அந்த மூன்று ஏக்கரில் நீங்களும் பணம் கட்டியிருந்தால், லாட் எண் எதுவாக இருந்தாலும் சரி, ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் அனுப்புங்கள். திங்கட்கிழமை லோயரைப் பார்க்கப் போகிறோம்.