ஒற்றைத் தோட்டுக்கு ஜோடி செய்து தந்த பட்டறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய நகையைச் சரிசெய்ய ஆள் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். மார்க்கெட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்னப் பட்டறை, பத்தர் ஒருவர் மட்டும்தான். அம்மாவின் மாங்காய்த் தோட்டில் ஒன்று தொலைந்துவிட்டது, அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சீட்டுக் கட்டி வாங்கிக் கொடுத்தது, அவர் போய் ஆறு வருடமாகிறது, அதனால் மிச்சமிருந்த ஒன்றைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு அம்மா வேறு தோடே போடவில்லை.

முதலில் போன கடையில் இதைப் போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள் என்றார்கள். இன்னொரு கடையில் அச்செடுத்து அப்படியே வார்த்துவிடலாம் என்றார்கள்; அப்படிச் செய்தால் இரண்டு மாங்காயும் ஒரே பக்கம் வளைந்து நிற்குமே!

இந்தப் பத்தர் கையில் வாங்கியதுமே, "இது எந்தக் காதுங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏவில் இரண்டு இழைகள்; அவற்றில் கோத்திருக்கும் வேதிப்பொருள்களில் அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின், இரண்டும் வேறு வேறு, ஆனாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துவதால்தான் ஓர் இழை மட்டும் இருந்தாலும் அதைப் பார்த்தே எதிர் இழையைக் கட்டிவிட முடிகிறது. 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சோதனையில் காட்டியதும் இதைத்தான்: நகலாகி வரும் ஒவ்வொரு டிஎன்ஏவிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது.

பத்தர் பழைய தோட்டைத் தாளில் வைத்துக் கோடிழுத்து, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பின்பக்க உருவத்தைப் பார்த்து வரைந்துகொண்டார். 916 தங்கம், எடையைக் கண்முன் காட்டினார், கூலி தனி. மலிவு என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரம் என்றவர் நாலு வாரம் ஆக்கிவிட்டார், ஆகவே தீபாவளி நெருக்கத்தில் கொடுக்காதீர்கள்.

புதியது பளபளப்பு, பழையது மங்கல். இரண்டையும் பாலிஷ் போட்டு ஒன்றாக்கித் தரவா என்றார். அம்மா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார், அப்பா கொடுத்தது தனியாகத் தெரியட்டுமாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கார் கண்ணாடியில் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கும் அந்த நிற வித்தியாசம் பிடித்திருக்கிறது.

சரி, நீங்கள் போனால் தோடு போடுபவரையும் கூட்டிப்போங்கள், காதுத் துளை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் தண்டின் நீளம் வைக்கிறார். அப்புறம் திருகாணிகளை மாற்றிப் போடாதீர்கள், கையால் போட்ட மரை, அதனதன் தோட்டில்தான் இறுகும்.