9 வோல்ட் பற்றரியில் ஓடும் சின்ன ஹெட்போன் அம்ப்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

என்னிடம் இருப்பது சீமோய் வகை அம்ப். 1990களின் கடைசியில் சூ மோய் என்பவர் இணையத்தில் வெளியிட்ட சுற்று அது. ஒரு இரட்டை ஓப்-ஆம்ப் சிப் (இடது, வலது இரண்டு சானலையும் பெருக்குவது), கொஞ்சம் ரெசிஸ்டர், சில கப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பற்றரி, அவ்வளவுதான். வெளிநாட்டில் இதை அல்டொய்ட்ஸ் மிட்டாய்ப் பேணிக்குள் அடைப்பது வழக்கம். என்னுடையது வெள்ளவத்தையில் வாங்கிய டொஃபிப் பேணி. சிப் ஓபிஏ2134, கேட்பது பெரும்பாலும் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600இல். ஒலித்தரம் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் எழுத வந்தது பற்றரியைப் பற்றி. இந்த அம்பைச் செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கு எதைத் தின்னக் கொடுப்பது என்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கிறது.

எந்தப் பற்றரி என்று யோசிக்கும் முன் அம்ப் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். ஓபிஏ2134 சும்மா இருக்கும்போதே ஒரு சானலுக்கு 4 மில்லிஅம்பியர் எடுக்கும், இரண்டுக்கும் 8. பற்றரியின் வோல்ட்டேஜைப் பாதியாகப் பிரித்து நடுப்புள்ளியை உண்டாக்கும் இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியே இன்னும் ஒரு மில்லிஅம்பியர் போகும். ஆச்சரியம் எல்.ஈ.டி.யில்தான். 1 கிலோஓம் போட்டு எரித்தால் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு தனியாக 7 மில்லிஅம்பியர் குடிக்கும், சிப் குடிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். 10 கிலோஓம் ஆக மாற்றினேன். இருட்டில் இப்போதும் தாராளமாகத் தெரிகிறது, மொத்தம் 10க்குள் வந்துவிட்டது. இரண்டு ரூபாய்ச் சாமானால் இவ்வளவு லாபம் வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை.

சரி, பற்றரிக்கு வருவோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 9 வோல்ட் பற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கும். கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்கள் வயர்லெஸ் மைக்குக்காகப் பெட்டியாகவே வாங்கிப் போவார்கள். ஆனால் கவரில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. "அல்கலைன்" என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கவாட்டில் பொடி எழுத்தில் 6எஃப்22 என்று இருந்த ஒன்று எனக்கு வாய்த்தது. 6எஃப்22 என்றால் சாதாரண சிங்க்-கார்பன். உண்மையான அல்கலைனில் 6எல்ஆர்61 என்றிருக்கும், கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாகவும் தெரியும். பழகிய கடை அண்ணரே பிறகு சொன்னார்: "தம்பி, அது மணிக்கூட்டுக்காரர் வாங்கிறது. பாட்டுக்கு வேணுமெண்டா மற்றதை எடுங்கோ."

சிங்க்-கார்பனின் குறை சீக்கிரம் தீர்வது மட்டும் இல்லை. அது தீரும் விதமே இந்த அம்புக்குப் பொருந்தாது. 9இல் தொடங்கி 8, 7 என்று வழுக்கிக்கொண்டே போகும். ஓபிஏ2134 மொத்தம் 5 வோல்ட் இருந்தாலும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் மேலும் கீழுமாக ஒன்றரை, இரண்டு வோல்ட்டைச் சிப் தனக்கென்று வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஹெட்போனுக்குத் தரும். பற்றரி 7 வோல்ட்டுக்கு இறங்கினால் ஹெட்போனுக்குக் கிடைத்த வோல்ட்டேஜ் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 300 ஓம் ஹெட்போனில் இது முதலில் தெரிவது தவிலில். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் போய்க்கொண்டிருக்கும், நாதஸ்வரத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது, ஆனால் தவிலின் தொப்பிப் பக்கத்தில் குச்சி விழும் அடி மட்டும் மொட்டையாகக் கேட்கும். பழைய ஒலிப்பதிவு அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். புதுப் பற்றரி போட்டால் அடி திரும்ப வந்துவிடும்.

அல்கலைன் அதே சரிவில்தான் போகும், ஆனால் மெதுவாக. இந்தச் சிறிய சுமைக்கு 500 மில்லிஅம்பியர்-மணி அளவில் தரும், கணக்குக்கு 50 மணித்தியாலம். கடைசிப் பகுதி தவிலுக்கு உதவாது என்பதால் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். எப்போதாவது கேட்பவருக்கு இதுவே போதும். தினமும் கேட்டால் மாதத்துக்குப் பல பற்றரி குப்பைக்குப் போகும்.

நான் நின்றுபோன இடம் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைட், திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணும் வகை. 9 வோல்ட் அளவில் வரும் இவற்றில் 6 செல், 7 செல், 8 செல் என்று மூன்று வகை உண்டு: 7.2, 8.4, 9.6 வோல்ட். 6 செல் வகையை வாங்க வேண்டாம், மேலே சொன்ன தவில் கதை முதல் நாளே தொடங்கும். 7 செல், குறைந்த சுயவிரயம் உள்ளது (சும்மா கிடந்தால் சார்ஜ் அதிகம் இறங்காது), 200 மில்லிஅம்பியர்-மணி: என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்று பேணியில், ஒன்று சார்ஜரில். 20 மணித்தியாலம் என்பது அல்கலைனுக்குப் பக்கத்தில் சின்ன எண்தான். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதி 8.4ஐ ஒட்டியே நிற்கும், முடியும்போது சட்டென்று முடியும். மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் ஒலியைவிட இப்படி ஒரேயடியாக நிற்பது எனக்கு எவ்வளவோ மேல். பைக்குள் சுவிட்ச் தட்டுப்பட்டு ஓன் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாக வற்றினால் ஏழு செல்லில் பலவீனமானது தலைகீழாகச் சார்ஜ் ஆகி, அதோடு பற்றரியின் கொள்ளளவே குறைந்துவிடும். வொலியூம் திருகியோடு சேர்ந்த சுவிட்ச் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

2022இல் இந்த ஏற்பாடு நன்றாகச் சோதிக்கப்பட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வீட்டில் ஃபேன் இல்லை, ரவுட்டர் இல்லை, பேணி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் என் சார்ஜர் 230 வோல்ட்டில் ஓடுவது, மெதுவாக ஏற்றும் வகை, ஒரு பற்றரி நிறைய இராத்திரி முழுக்க வேண்டும். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துச் செருகி, பாதியில் போனால் திரும்பச் செருகி... கடைசியில் கொஞ்சக் காலம் அல்கலைனுக்கே திரும்பினேன், ரூபாய் விழுந்த விழுச்சியில் அதன் விலை ஏறிக்கொண்டே போன போதும். இன்றைக்கு வாங்குவதானால் யூ.எஸ்.பி.யில் ஓடும் சார்ஜர்தான் வாங்குவேன், பவர் பேங்கில் செருகிவிடலாம்.

அந்த அலைச்சலில்தான் யூ.எஸ்.பி. துளையோடு வரும் லித்தியம் 9 வோல்ட் பற்றரி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். கடையில் எல்லாரும் இதைத்தான் காட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் செல், அதை 9 ஆக உயர்த்த ஒரு சின்ன கன்வெர்ட்டர். மேலே 600 மில்லிஅம்பியர்-மணி என்று இருந்தால் அது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. 9 வோல்ட்டுக்கு மாற்றி, கன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் 220 அளவில்தான் மிஞ்சும். அதாவது என் நிக்கல் பற்றரியைவிட ஒரு பாட்டுக் கச்சேரி அளவுதான் கூட. இதைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது சத்தம். 10 மில்லிஅம்பியர் மாதிரிச் சிறிய சுமையில் இந்தக் கன்வெர்ட்டர்களில் பல விட்டுவிட்டு வேலை செய்யும், அந்த விட்டுவிட்டு வரும் வேகம் நம் காது கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். பாட்டு நின்ற இடைவெளியில் மெல்லிய கீச்சு. மீட்டர் வேலைக்கு அருமையான பற்றரி, எனது இப்போது அங்கேதான் இருக்கிறது.

இரண்டு 9 வோல்ட்டைத் தொடராகப் போட்டு, நடுவை நிலமாக்குவது (கிரவுண்ட்) இன்னொரு வழி. வீச்சு இரட்டிப்பாகும், ரெசிஸ்டர் நடுப்புள்ளியும் தேவையில்லை. ஆனால் ஒன்று முந்திச் செத்தால் டி.சி. (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) நேரே ஹெட்போனுக்குள் போகலாம். 2011இல் வந்த ஓ2 என்ற இன்னொரு ஹெட்போன் அம்ப் இரண்டு பற்றரியில் ஓடுவது, ஒன்று இறங்கினாலும் இரண்டையும் துண்டிக்கத் தனிச் சுற்றே அதில் இருக்கிறது. அந்தச் சுற்று இல்லாமல் விலை கூடிய ஹெட்போனை நான் செருக மாட்டேன்.

பராமரிப்பு என்று சொல்ல ஒன்றுதான்: வெள்ளவத்தைக் கடல்காற்று. பற்றரி மாட்டும் கிளிப்பின் பித்தளைக் கொக்கி பச்சை பிடிக்கும், வயர் அதன் கழுத்தில் அறும். ஒலி கரகரத்தால் சிப்பைச் சந்தேகிக்கும் முன் கிளிப்பை மாற்றுங்கள்.

ரயிலில் 32 ஓம் இயர்போன் போட்டு ஃபோனில் பாட்டுக் கேட்பவர் இதற்கெல்லாம் மினக்கெட வேண்டாம். அந்த அளவுக்கு ஃபோனில் செருகும் யூ.எஸ்.பி. டொங்கிள் போதும், அதோடு 32 ஓமில் ரெசிஸ்டர் நடுப்புள்ளி ஆடத் தொடங்கும், நடுப்புள்ளியை ஆடாமல் பிடிக்கும் டிஎல்ஈ2426 மாதிரி ஒரு சிப்பையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.