ஐந்து சென்றிமீற்றர் பனிக்காகக் காத்திருப்பது: ஸ்காபுரோவில் ஒரு பனி வழிக்கும் சேவை

நவம்பர் இரண்டாவது வாரத்தில், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபுரோவில் இருக்கும் எங்கள் தெருவின் புல்தரை ஓரங்களில் செம்மஞ்சள் நிறக் குச்சிகள் முளைக்கத் தொடங்கும். நிலம் உறைந்து இறுகிய பின் அவற்றை அடிக்க முடியாது என்பதால், பனி வழிக்கும் ஆட்கள் முதற்பனிக்கு முன்பே வந்து டிரைவ்வேயின் இரு கரையிலும் நட்டுவிட்டுப் போகிறார்கள். இருட்டில், எல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும் வேளையில், எது பாதை எது புல் என்று வண்டிக்காரருக்குக் காட்டுவது அந்தக் குச்சிதான். யார் வீட்டில் குச்சி இருக்கிறது, யார் இன்னும் தாமே சவளால் வழிக்கப் போகிறார்கள் என்பது அன்றே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

பதினேழு ஆண்டுகள் நான் சவள் பிடித்தவன். முழங்கால் இடம் கொடுக்காத நிலையில் 2023 நவம்பரில் முதன்முறையாகப் பருவ ஒப்பந்தம் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன். ஒருவர், அவருடைய மருமகன், முன்னால் தகடு பூட்டிய இரண்டு பிக்கப் வண்டிகள், தள்ளிக்கொண்டு போகும் ஸ்நோ புளோவர் ஒன்று: இதுதான் அந்த நிறுவனம். கோடையில் இன்டர்லொக் கல் பதிப்பார்கள், குளிர்காலத்தில் பனி வழிப்பார்கள். பெயர்ப்பலகை கிடையாது; வாய்வழியாகவே வேலை பிடிக்கிறார்கள். ஆகவே நானும் பெயரைக் குறிப்பிடாமல், இரண்டு குளிர்காலம் முழுவதும் பெற்ற சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒப்பந்தம் ஒரு பக்கக் கடதாசி. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஐந்து சென்றிமீற்றரும் அதற்கு மேலும் கொட்டினால், காலை ஏழு மணிக்குள் இரண்டு கார் அகல டிரைவ்வே வழிக்கப்படும். கட்டணம் 550 டொலர். 13 வீத வரியுடன் 621 டொலர் 50 சதம். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒரு தடவைக்கு 40 டொலர், வரியுடன் 45 டொலர் 20 சதம். அதாவது ஒரு பருவத்தில் பதினான்கு தடவை வந்தால்தான் முற்பணம் கட்டியவனுக்கு இலாபம்.

இந்தக் கணக்கு ஒரு மனிதனை எப்படி மாற்றும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை பனி கொட்டப் போகிறது என்று வானொலியில் கேட்டாலே இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தவன், பணம் கட்டிய மறுவாரத்திலிருந்து வானிலைச் செயலியைத் திறந்து, இரவு எத்தனை சென்றிமீற்றர் என்று ஆவலுடன் பார்க்கத் தொடங்கினேன். 2023–24 குளிர்காலமோ, பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவின் புண்ணியத்தில், கனடா முழுவதிலும் என்றுமில்லாத அளவுக்கு வெப்பமாகக் கழிந்தது. டிசம்பரில் எங்கள் புல்தரை பச்சையாகவே கிடந்தது. நத்தார் காலையில் நிலத்தில் இரண்டு சென்றிமீற்றர் பனி இருந்தால்தான் அதை வெள்ளை நத்தார் என்று கணக்கிடுவார்கள். அந்த இரண்டுக்கே வழியில்லாத வேளையில் என்னுடைய ஐந்துக்கு எங்கே போவது? அந்தப் பருவத்தில் அவர்கள் வந்தது ஆறே ஆறு தடவை. ஒரு தடவைக்கு 103 டொலருக்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய சவளைக் கராஜ் சுவரிலிருந்து இறக்காமலே மார்ச் மாதத்தைக் கடந்தார். என்னைக் காணும்போதெல்லாம் செம்மஞ்சள் குச்சிகளைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் சேவையின் உண்மையான குறை பனி கொட்டாத குளிர்காலத்திலும் இல்லை, பெரும்புயலிலும் இல்லை. அது மூன்று, நான்கு சென்றிமீற்றர் கொட்டும் இரவுகளில் இருக்கிறது. மேற்கே அல்பேர்ட்டாப் பக்கமிருந்து வேகமாக ஓடிவரும் சிறு தாழமுக்கங்களை இங்கே கிளிப்பர் என்கிறார்கள். அவை ஈரப்பதம் குறைந்தவை. மாவைப்போன்ற உலர்ந்த பனியை மூன்று நான்கு சென்றிமீற்றர் தூவிவிட்டு, பின்னால் கடுங்குளிரை இழுத்துவந்து விட்டுப்போகும். வடமேற்குக் காற்று ஏரியின் ஈரத்தை ஏந்திவந்து ஏரிப்பனியாகக் கொட்டித் தீர்ப்பது ஜோர்ஜியன் குடாவுக்குக் கிழக்கேயும் பரி நகரப் பக்கமும்தான்; ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருக்கும் நமக்கு மிச்சம் சொச்சமே வந்து சேர்கிறது. ஆகவே நமது குளிர்காலத்தின் பல இரவுகள் ஐந்தை எட்டாத இரவுகள். ஒப்பந்தப்படி வண்டி வராது. காலையில் கார் அதன்மேல் ஏறிப் போகும், சில்லுத்தடம் இறுகும், மாலையில் அது கண்ணாடியாகிவிடும். அடுத்த கிளிப்பர் அதன்மேல் இன்னும் மூன்றைத் தூவி மறைத்துவிடும். 2024 ஜனவரியில் நான் வழுக்கி விழுந்தது அப்படியான ஒரு மறைவில்தான். இரண்டு நாளில் கொட்டியது ஆறு சென்றிமீற்றர். ஆனால் ஒரே தடவையில் கொட்டவில்லை என்பதால் கணக்கில் சேரவில்லை.

ஐந்தை யார் அளப்பது என்பது இன்னொரு வழக்கு. ஒப்பந்தத்தில் பியர்சன் விமான நிலையத்தின் அளவு என்று எழுதியிருந்தது. நான் அதைக் கவனியாமல் கையெழுத்து வைத்தேன். விமான நிலையம் இருப்பது மிசிசாகாவில், நகரத்தின் மறுகோடியில். ஒருநாள் காலை எங்கள் வாசல் தூணருகே அடிமட்டத்தை நட்டுப் பார்த்தேன், ஏழு காட்டியது. படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அண்ணை, அங்கை நாலுதான் காட்டுது" என்று பதில் வந்தது. அன்று மகளும் நானும் சவளோடு இறங்கினோம். நல்லவேளையாக இரண்டாம் ஆண்டில் இந்த வாசகத்தை எடுத்துவிடும்படி கேட்டேன். மறுபேச்சின்றி வெட்டிவிட்டு, "உங்கட வாசலிலை எவ்வளவோ அவ்வளவு" என்று எழுதித் தந்தார்.

பெருமையாகச் சொல்ல வேண்டியது 2025 பெப்ரவரியைப் பற்றி. எட்டாம் திகதி சனி இரவு ஒன்று, அடுத்த புதன் இரவு ஒன்று, அந்த வார இறுதியில் ஒன்று என மூன்று புயல்கள் அடுத்தடுத்து வந்து, ஒன்பது நாட்களுக்குள் நகரத்தில் ஐம்பது சென்றிமீற்றருக்கு மேல் கொட்டிய காலம் அது. மாநகரசபை வீதிப்பனியை லொறிகளில் ஏற்றி அகற்ற வாரக்கணக்கில் எடுத்தது. முதல் இரவு இவர்கள் இரண்டு மணிக்கு ஒருமுறை, ஆறரைக்கு மறுமுறை என வந்தார்கள். நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்: மருமகன் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, தகட்டைக் கராஜ் கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி இறக்கி, பனியைப் பின்பக்கமாக இழுத்து வெளியே கொண்டுவந்த பிறகே முன்னோக்கித் தள்ளினான். தெரியாதவர்கள் நேரே கதவை நோக்கித் தள்ளிப் பனியைக் கதவோடு அறைந்துவிடுவார்கள். கதவருகே எஞ்சியதை இறங்கிவந்து சவளால் எடுத்தான். அந்த ஒரு சாணுக்காகவே முழுப் பணத்தையும் கொடுக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

வழித்து முடிந்த பின்தான் மாநகரசபையின் பனி தள்ளும் பிளவ் வண்டி வீதியால் வந்து, டிரைவ்வேயின் வாயில் ஒரு மேட்டை எழுப்பிவிட்டுப் போகும். வீதியின் உப்பும் சேறும் கலந்து, கல்லைப்போல் கனக்கும் மேடு அது. ரொறன்ரோவில் சவள் பிடித்த எவரும் பனியைத் திட்டுவதில்லை, இந்த மேட்டைத்தான் திட்டுவார்கள். மாநகரசபைக்கே அதைத் திறந்துவிடும் சேவை ஒன்று இருந்தாலும் அது எப்போது வரும் என்று வேலைக்குப் போகிறவனால் காத்திருக்க முடியாது. எங்கள் ஒப்பந்தத்தில் மேட்டை எடுப்பதற்கென ஒரு வருகை தனிக் கட்டணமின்றிச் சேர்ந்திருந்தது. மூன்று புயலில் இரண்டுக்கு நேரத்துக்கு வந்தார்கள். மூன்றாவதுக்கு, பதினாறாம் திகதி ஞாயிறு, பகல் பதினொரு மணிக்கே வந்தார்கள். ஒரு வண்டியின் ஹைட்ரோலிக் குழாய் வெடித்துவிட்டதாம். ஏழு மணிக்கே செய்தி அனுப்பியிருந்தார்கள் என்பதால் கோபம் தணிந்தது. அதற்குள் இரு கரையிலும் குவியல் என் நெஞ்சுவரை உயர்ந்து, தள்ள இடமில்லாமல் போயிருந்தது. வீதிக்குத் தள்ளுவது சட்டப்படி குற்றம். கொஞ்சத்தைப் பக்கத்து வீட்டு எல்லைக்குள் சரித்துவிட்டுப் போனார்கள். அதற்கான மன்னிப்பை நான்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் மொத்தம் பதினேழு வருகை. தடவைக்கு 37 டொலருக்கும் குறைவு. சிரித்த பக்கத்து வீட்டுக்காரர் இம்முறை இடுப்புப் பட்டியோடு நின்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏழு மணி என்ற வாக்குறுதி என்னைப் போன்ற எட்டு மணி வேலைக்காரனுக்குப் போதும். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குப் போதாது. அம்மாவுக்குத் திருவெம்பாவைக் காலத்துப் பத்து நாட்களும் விடிய நாலரைக்கே கோயிலுக்குப் புறப்பட வேண்டும். மார்கழி பிறந்தால் அவர் வானிலை கேட்கும் விதமே வேறு. "இண்டைக்கு மட்டும் கொட்டாமல் இருக்க வேணும்" என்று சாமிப்படத்தைப் பார்த்துச் சொல்வார். அதே வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் அதே சாமியிடம் முப்பது சென்றிமீற்றர் கேட்பாள். 2022 ஜனவரி 17 அவள் நினைவில் பொன்னெழுத்தில் இருக்கிறது: பெருந்தொற்றால் மூடியிருந்த பள்ளிகள் மீண்டும் திறக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமையே பெரும்பனி கொட்டி, பள்ளிகளைத் திறக்கவிடாமல் செய்துவிட்டது. சாதாரணமாக இங்கே பேருந்துதான் ரத்தாகும், பள்ளி திறந்திருக்கும். நடந்து போகும் தூரத்தில் வீடு இருக்கும் அவளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பேஸ்மண்டில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பிக்கு அதிகாலை ஐந்தரைக்கு வேலை. அவர் வந்துபோகும் பக்கவாட்டு நடைபாதை ஒப்பந்தத்தில் இல்லை. கைச்சவளால் செய்ய வேண்டிய வேலை என்பதால் அதற்கு 120 டொலர் மேலதிகம். முதல் ஆண்டு நான் அதை மிச்சம் பிடித்தேன். அது தவறு. பனியில் வழுக்கிக் காயப்பட்டவர் வீட்டுக்காரர்மீது வழக்குத் தொடரலாம்; அதற்கு அறுபது நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் சட்டம். சட்டத்தை விடுங்கள், வாடகை வாங்குகிறவன் வழியைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டாமா? வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் எந்தச் சேவையை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தப் பக்கக் கதவைப் பற்றியதுதான்.

உப்பும் தனிக் கட்டணம், தடவைக்கு 15 டொலர். இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஐந்து சென்றிமீற்றர் பனியைக் காட்டிலும், விழுந்ததும் கட்டியாக உறையும் இரண்டு மில்லிமீற்றர் உறைமழை ஆபத்தானது. 2013 டிசம்பரில் நத்தாருக்கு முன்தினங்களில் பெய்த உறைமழை ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமல் செய்ததை அனுபவித்தவர்கள் பனியை விரும்பியாவது வரவேற்பார்கள். அப்படியான இரவில் பனியின் ஆழம் பூச்சியம், ஆகவே வண்டி வராது. உப்புப் போடும்படி நாமாகத்தான் செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் போடுவது சாதாரண கல்லுப்பு. பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பன்னிரண்டு பாகை தாண்டினால் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். கடுங்குளிருக்கென கல்சியம் குளோரைட் பை ஒன்றை நானே வாங்கிக் கராஜில் வைத்திருக்கிறேன்.

முதல் ஆண்டில் இன்டர்லொக் ஓரக்கல் ஒன்றைத் தகடு கிளப்பிவிட்டது. ஏப்ரலில் மருமகன் வந்து, கேட்காமலே அடித்தளத்தைச் சமப்படுத்தி, கல்லைப் பதித்து, மணல் நிரப்பிவிட்டுப் போனான். கல் வேலை தெரிந்தவர்களிடம் பனி வேலையைக் கொடுப்பதில் இப்படி ஒரு வசதி.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி கொடுப்பேன். பின்னோக்கி இழுக்கும் அந்த ஒரு சாணுக்காக இன்னொரு கால் புள்ளியையும் சேர்த்துக் கொள்ளலாம்.

இந்த நவம்பரில் குச்சி நட வந்தபோது முதலாளியிடம் கேட்டேன், இம்முறை கொட்டுமா என்று. "கொட்டினால் டீசலும் பெடியளின்ர சம்பளமும் என்னைத் தின்னும் அண்ணை. கொட்டாட்டி அடுத்த வருசம் நீங்கள் கையெழுத்து வைக்க மாட்டியள்" என்றார். பிறகு புதிய கடதாசியை நீட்டினார். கட்டணம் 590; இன்னும் 80 டொலர் கூட்டினால் மூன்று சென்றிமீற்றருக்கே வருவார்கள். பக்க நடைபாதையையும் சேர்த்துக்கொண்டேன். திருவெம்பாவை என்று நான் தொடங்குமுன்பே, "அம்மாவின்ர பத்து நாளும் நாலு மணிக்கு வருவன், அதுக்குக் காசு வேண்டாம்" என்றார்.

கையெழுத்து வைத்தாயிற்று. இன்றிரவுக்கு இரண்டிலிருந்து நான்கு சென்றிமீற்றர் என்று செயலி காட்டுகிறது. அடிமட்டத்தை வாசல் தூணருகே நட்டு வைத்திருக்கிறேன்.