சுங்கை பூலோ உமிக்கரிச் சாக்கு: கரி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளில் 'செக்கம் பாக்கார்' (மலாயில் சுட்ட உமி) என்று கேட்டால் உடனே ஒரு சாக்கை எடுத்துப் போடுவார்கள். நெல் உமியைக் காற்று அதிகம் புகாமல் கருக்கிய சரக்கு. நம் பாட்டிமார் பல் துலக்கிய அதே உமிக்கரிதான். இப்போது இதே வகைப் பொருள் 'பயோசார்' என்ற பெயரில், மண்ணில் கார்பனைச் சேமிக்கும் என்ற வாசகத்தோடு சிறிய பைகளிலும் விற்பனைக்கு வருகிறது. வீட்டுச் சட்டிக்கும் பாத்திக்கும் சாதா உமிக்கரியே போதும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம், சாக்கைத் திறந்து பார்த்து வாங்கினால்.

கோலாலம்பூர் வெயிலிலும் மழையிலும் மட்கு உரம் நிலைக்காது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். கரியில் உள்ள கார்பன் வளையம் வளையமாக இறுகிக் கிடப்பதால் அவற்றுக்கு எளிதில் செரிக்காது. கருக்கிய வெப்பம் கூடக்கூட இந்த இறுக்கமும் கூடும். 450 முதல் 600 டிகிரியில் கருக்கியதென்றால், நூறு ஆண்டு கழித்தும் சுமார் 80 விழுக்காடு கார்பன் மண்ணிலேயே இருக்கும் என்று ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2019 வழிகாட்டி கணக்கு வைக்கிறது. வெப்பம் 350 முதல் 450 டிகிரி மட்டும் என்றால் அது 65 விழுக்காடு.

வெப்பத்தைச் சாக்கில் எழுதியிருக்க மாட்டார்கள். கண்ணும் விரலும்தான் துணை. உமியின் படகு வடிவம் உடையாமல், உள்ளும் புறமும் கறுப்பாக இருந்தால் நல்ல சரக்கு. சாம்பல் நிறம் தட்டினால் காற்றுப் புகுந்து கார்பன் எரிந்துபோயிருக்கிறது, மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மணலில் உள்ள சிலிக்காதான். பழுப்பு உமி கலந்திருந்தால் அது வேகாதது. சட்டியில் அழுகும், அழுகும்போது தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். சோப்பு போட்டால்தான் போகிறது, புகை வாடையும் அடிக்கிறது என்றால் தார் தங்கியிருக்கிறது. விதை முளைக்க அது ஆகாது.

அடுத்தது எடை, ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம். தூசி பறக்காமலிருக்கக் கரியை நனைத்துத்தான் கட்டுகிறார்கள், அது நியாயம். ஆனால் 50 லிட்டர் உமிக்கரி உலர்ந்த நிலையில் ஏறக்குறைய 7 கிலோதான் இருக்கும். சாக்கு 15 கிலோ காட்டினால் பாதிக்கு மேல் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். லிட்டர் கணக்கில் விற்பவரிடம் வாங்குவது மேல். கிலோ கணக்கென்றால் 200 கிராம் எடுத்து, எடை குறைவது நிற்கும் வரை வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள்.

இனி 'மண்ணில் கார்பனைச் சேமிக்கும்' என்ற அந்த வாசகத்துக்கு வருவோம். 7 கிலோ உலர்ந்த கரியில் கார்பன் 49 விழுக்காடு என்று வைத்தால் 3.4 கிலோ. அதில் 80 விழுக்காடு நிலைத்தால் 2.7 கிலோ. கரியமில வாயுக் கணக்கில் மாற்ற 3.67ஆல் பெருக்கினால் சுமார் 10 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளிவருகிறது. அப்படியானால் ஒரு சாக்கு என்பது நாலேகால் லிட்டர் பெட்ரோல். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் தனியாகப் போய் ஒரே ஒரு சாக்கோடு திரும்பினால் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிடும்! பக்கத்து வீட்டாரையும் சேர்த்து நாலைந்து சாக்காக எடுங்கள்.

செம்பனை விதை ஓட்டுக் கரியும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் கிடைத்தால் கிலோவுக்குக் கார்பன் கூடுதல், ஏனென்றால் சாம்பல் குறைவு. 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை உடைத்த சரக்கா என்று மட்டும் பாருங்கள். இறைச்சி சுடும் அச்சுக்கரி வேண்டாம், பசையும் வேறு கலவையும் சேர்ந்திருக்கலாம். கரியோடு பீட் (சதுப்பு நிலத்து மக்கு) கலந்த பைகளையும் தவிர்க்கலாம். சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பனை வெட்டியெடுத்து, அதன்மேல் 'கார்பன் சேமிப்பு' என்று ஒட்டுவது வேடிக்கை.

வாங்கியதை அப்படியே சட்டியில் கொட்டாதீர்கள். புதுக் கரி உரச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மட்கிய ஆட்டெரு ஒரு பங்கு, கரி ஒரு பங்கு கலந்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் ஈரத்தில் மூன்று வாரம் மூடி வையுங்கள். கையாளும்போது முகக்கவசம் கட்டாயம், சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிறகு நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு இந்தக் கலவை. அப்போது சட்டியில் கரி பத்து விழுக்காடு இருக்கும். தரைப் பாத்தியில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ உலர்ந்த கரி, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டுப் போனால் சாயங்கால மழை அத்தனையையும் சாக்கடைக்குக் கொண்டு போய்விடும்.

உமிக்கரியின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7க்கு மேல் காரம்) பெரும்பாலும் 8க்கு மேல். இங்குள்ள புளிப்பான செம்மண்ணுக்கு அது நல்லது, மிளகாயும் கத்தரியும் தேறும். இட்லிப்பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் பாதி அளவு போதும். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை, கரி கூடிவிட்டது என்று பொருள். கீழ் இலைகள் முழுசாக வெளுத்தால் கரியை ஊறவைத்தது போதவில்லை, அதற்கு ஆட்டெருவைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும்.